பங்கும் நீதியும்

தந்தை விட்டுச்சென்ற நிலத்தைப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் நாளில் அளவுச் சங்கிலி வருகிறது, எழுத்தர் வருகிறார், சாட்சிகள் வருகின்றனர். வாய்க்கால் யாருக்கு, வண்டிப்பாதை யாருக்கு, கிணற்று நீரில் யாருக்கு எத்தனை முறை என்றெல்லாம் எழுதப்படுகிறது. கையொப்பமும் ஆன பிறகு, நீதி வழங்கப்பட்டுவிட்டது என்று எல்லாரும் எழுந்து போகின்றனர். அவ்வாறு எழுந்துபோன சகோதரர்கள் பின்னர் ஒரு திருமண வீட்டில் ஒருவர் முகத்தை மற்றவர் பாராமல் அமர்ந்திருப்பதை நாம் கண்டதில்லையா? பங்கு சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் எது சரியாக இல்லை?

இக்கேள்விக்கு விடை காண விரும்புவோர்க்கு வரலாறு ஒரு பெரிய ஏட்டை விரித்து வைத்திருக்கிறது. மன்னர் குடும்பங்களின் பாகப் பிரிவினையே அந்த ஏடு. எளியவர் வீட்டில் நான்கு சுவர்களுக்குள் நடந்து மறைந்துபோகும் செய்தி, அரசர் வீட்டில் நடக்கும்போது போர்க்களமாகவும் உடன்படிக்கையாகவும் எழுதப்பட்டு விடுகிறது. எழுத்துப் பெரிதாக இருப்பதால் படிப்பதும் எளிதாகிறது.

கி.பி. 802-ஆம் ஆண்டில், பக்தாதிலிருந்து ஒரு யானை மேற்கு ஐரோப்பாவில் உள்ள ஆகன் நகருக்கு வந்து சேர்ந்தது. கலீஃபா ஹாரூன் ரஷீத், பிராங்கியரின் பேரரசரான சார்லமேனுக்கு அனுப்பிய அன்பளிப்பு அது. அபுல் அப்பாஸ் என்னும் அதன் பெயரைக்கூட அந்நாட்டு வரலாற்றுக் குறிப்புகள் பாதுகாத்து வைத்துள்ளன. கிழக்கிலும் மேற்கிலும் அக்காலத்தில் நிகரற்று விளங்கிய இவ்விரு மன்னரின் உள்ளத்தையும் ஒரே கவலை அரித்துக்கொண்டிருந்தது. தமக்குப் பின் தம் மக்கள் என்ன செய்வார்கள் என்பதே அக்கவலை. அதே 802-ஆம் ஆண்டின் இறுதியில் ஹாரூன் தம் மக்களுடன் ஹஜ்ஜுக்குச் சென்றார். அமீனும் மஃமூனும் ஒருவர் உரிமையை மற்றவர் மதித்து நடப்பதாக எழுதிக்கொடுத்த உறுதிப் பத்திரங்களைக் கஃபாவிலேயே தொங்கவிடச் செய்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 806-இல், சார்லமேன் தம் பேரரசை மூன்று மக்களுக்கும் பகிர்ந்து ஓர் ஆணை வெளியிட்டார்.

தந்தையின் நிலத்தில் எல்லாப் புதல்வருக்கும் பங்குண்டு என்பது பிராங்கியரின் தொன்றுதொட்ட வழக்கம். வயலுக்கு எவ்விதியோ நாட்டுக்கும் அதே விதி. ஆட்சியும் தந்தையின் சொத்துகளில் ஒன்றாகவே எண்ணப்பட்டது. மக்களின் மனத்தை நன்கு அறிந்திருந்த சார்லமேன், தம் ஆணையில் எல்லைகளை வரைந்ததோடு நின்றுவிடவில்லை. பேரப்பிள்ளைகளுள் எவரையும் நேர்மையான விசாரணையின்றிக் கொல்லவோ, உறுப்புகளைச் சிதைக்கவோ, கண்களைப் பறிக்கவோ கூடாது என்றும் எழுதிவைத்தார். ஒரு பாட்டனார் தம் உயில் போன்ற ஆணையில் இவ்வாறு எழுத நேர்ந்ததென்றால், அக்குடும்பத்தில் அவர் எதைக் கண்டு அஞ்சியிருப்பார் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

அவர் அஞ்சியது நடந்தது. மூன்று மக்களில் இருவர் தந்தைக்கு முன்பே இறந்தனர். 814-இல் சார்லமேன் மறைந்தபோது எஞ்சியிருந்தவர் லூயி ஒருவரே. பக்திமான் என்று பெயர் பெற்ற இந்த லூயி, 817-இல் தம் மூன்று மக்களுக்காக ஓர் ஏற்பாடு செய்தார். பேரரசு துண்டாகக் கூடாது என்பது அவர் எண்ணம். ஆகவே மூத்தவர் லோத்தர் தந்தையுடன் இணைந்து பேரரசராவார். பெப்பினுக்கு அக்விட்டேனும், லூயி என்னும் இளையவருக்குப் பவேரியாவும் கிடைக்கும். தம்பியர் இருவரும் மூத்தவருக்கு அடங்கி நடப்பார்கள் என்று விதித்தார். சமபங்கு என்னும் பழைய வழக்கத்திற்கும், முழுமை என்னும் புதிய எண்ணத்திற்கும் இடையே அவர் கண்ட நடுவழி அது.

இத்தாலியை ஆண்டுகொண்டிருந்த அண்ணன் மகன் பெர்னார்டை அந்த ஏற்பாடு கலங்கச் செய்தது. அவர் கிளர்ந்தெழுந்தார், பிடிபட்டார். விசாரணை நடந்தது, மரண தண்டனை விதிக்கப்பட்டது. லூயி மன்னர் இரக்கம் காட்டி, கண்களைப் பறித்தால் போதும் என்று குறைத்தார். 818-இல் அத்தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தக் காயத்தாலேயே பெர்னார்டு இறந்துபோனார். சார்லமேனின் ஆணையை எடுத்துப் பார்த்தால், விசாரணை நடந்ததால் எழுத்து மீறப்படவில்லை என்று ஒருவர் வாதாடலாம். பாட்டனாரின் எழுத்து காப்பாற்றப்பட்டது. பேரனின் கண்கள் காப்பாற்றப்படவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 822-இல், மன்னரே மக்கள் முன்னிலையில் அதற்காக வருந்தித் தவம் மேற்கொண்டார். சட்டத்திற்குக் கணக்குக் கொடுத்துவிட்ட பிறகும் மனசாட்சிக்குக் கொடுக்கவேண்டிய கணக்கு ஒன்று எஞ்சியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனித்தான் உண்மையான சிக்கல் வருகிறது. லூயியின் முதல் மனைவி இறந்தபின் அவர் ஜூடித் என்னும் மங்கையை மணந்தார். 823-இல் அவர்களுக்கு சார்லஸ் என்னும் ஆண்குழந்தை பிறந்தது. 817-ஆம் ஆண்டின் ஏற்பாட்டிலோ நான்காவது பிள்ளைக்கென்று ஒரு சாண் நிலமும் இல்லை.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்திப்போம். மூத்த மூவருக்கும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த வாக்கின் மீது சத்தியங்களும் செய்யப்பட்டுவிட்டன. வாக்கை மீறினால் தந்தை பொய்யராவார். மீறாவிட்டால், பிறந்ததைத் தவிர வேறு குற்றம் செய்யாத ஒரு குழந்தை, சகோதரர் வாசலில் கையேந்தி நிற்கும். கொடுத்த வாக்கு பெரிதா, பிறந்த பிள்ளையின் உரிமை பெரிதா? இதில் ஒன்றை எளிதாகச் சொல்லி மற்றொன்றை ஒதுக்கிவிடுகிறவர் சிக்கலின் ஆழத்தைப் பார்க்காதவர் என்றே நாம் கருதுகிறோம்.

வாக்கைப் பெற்றவர்தான் வாக்கிலிருந்து விடுவிக்கவும் முடியும். இதை லூயி மன்னரும் உணர்ந்திருந்தார் போலும். லோத்தரைக் குழந்தையின் ஞானத்தந்தையாக்கினார். சார்லஸுக்கு எப்பங்கைக் கொடுத்தாலும் ஏற்பதாகவும் அதைப் பாதுகாப்பதாகவும் அவரிடம் சத்தியம் பெற்றார். ஆனால் கேட்கும் தந்தை பேரரசராகவும், கொடுக்கும் மகன் அவர் தயவை எதிர்பார்ப்பவராகவும் இருக்கும்போது பெறப்படும் சம்மதம் எத்தகையது? உதடு இசைந்தது, உள்ளம் இசையவில்லை. 829-இல் அலமானியா நாடு ஆறு வயதுச் சிறுவனுக்கு ஒதுக்கப்பட்டவுடன், அண்ணன்மார் உள்ளத்தில் கனன்றுகொண்டிருந்த நெருப்பு வெளியே வந்தது. 830-இல் முதல் கலகம். 833-இல் மூன்று மக்களும் கூடித் தந்தையை எதிர்த்து நின்றனர். தந்தையின் படையினர் இரவோடிரவாக மக்கள் பக்கம் சென்றுவிட்டனர். அந்த வெளிக்குப் பொய்களின் வெளி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதவி பறிக்கப்பட்ட தந்தை, மக்கள் தமக்குள் சண்டையிட்டுக்கொண்டதால் மறு ஆண்டு மீண்டும் அரியணை ஏறினார்.

838-இல் பெப்பின் இறந்தார். 840-இல் தந்தை இறந்தார். சகோதரர் மூவர் எஞ்சினர். 841-ஆம் ஆண்டு ஜூன் 25-இல், இன்றைய பிரான்சு நாட்டின் ஒசேர் நகருக்கு அருகேயுள்ள பான்டனாய் என்னுமிடத்தில், லோத்தர் ஒரு பக்கமும் லூயியும் சார்லஸும் மறு பக்கமுமாகப் போரிட்டனர். சார்லமேனின் மகள் வயிற்றுப் பேரரான நித்தார்டு அப்போரில் சார்லஸின் பக்கம் நின்று வாளேந்தியவர். அவரே அந்நிகழ்ச்சிகளை வரலாறாகவும் எழுதினார். வென்றவர்கள் களிக்க இயலாமல் நின்றதையும், இருதரப்புப் பிணங்களையும் அவர்களே அடக்கம் செய்ததையும், மூன்று நாட்கள் நோன்பிருந்ததையும் அவர் குறித்து வைத்துள்ளார். வெற்றி பெற்றவன் நோன்பிருந்து மன்னிப்புக் கேட்கவேண்டிய போர், சகோதரர் போரைத் தவிர வேறெது?

மறு ஆண்டு பிப்ரவரி 14-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் லூயியும் சார்லஸும் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டனர். ஒவ்வொருவரும் மற்றவரின் படைவீரர்க்குப் புரியும் மொழியில் சத்தியம் செய்தார். பிரெஞ்சு மொழியின் பழமையான எழுத்துச் சான்றென இன்று மொழியறிஞர் போற்றுவது இச்சத்தியத்தைத்தான். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. இரு தரப்பு வீரர்களும் அங்கே ஓர் உறுதிமொழி எடுத்தனர். தம் மன்னர் தம் சகோதரருக்குக் கொடுத்த வாக்கை மீறினால், அம்மீறலில் தாம் துணை நிற்கமாட்டோம் என்பதே அது. அண்ணன் தம்பி பகையை வளர்ப்போர் பெரும்பாலும் அண்ணனும் தம்பியும் மட்டுமல்லர். உடனிருந்து தூபம் போடுவோரும் உண்டு. 'அநீதியில் உமக்குத் துணைவரமாட்டோம்' என்று உடனிருப்போர் சொல்லத் துணிந்தால் பாதிச் சண்டைகள் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

பின்னர்ப் பங்கீட்டு வேலை தொடங்கியது. ஒவ்வொருவர் சார்பிலும் நாற்பது பேராக 120 பெரியோர் அமர்த்தப்பட்டனர். அவர்கள் கூடியபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. பேரரசு முழுவதையும் தெளிவாக அறிந்தவர் அவர்களுள் ஒருவர்கூட இல்லை! எதற்காகப் பத்தாண்டுகளுக்கு மேலாக இரத்தம் சிந்தினார்களோ, அது எவ்வளவு என்பது எவருக்கும் தெரியவில்லை. நாட்டைச் சுற்றிப் பார்த்துக் கணக்கெடுக்க ஆட்கள் அனுப்பப்பட்டனர். 843-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெர்டன் நகரில் உடன்படிக்கை ஆயிற்று. மேற்குப் பகுதி சார்லஸுக்கு. கிழக்குப் பகுதி லூயிக்கு. வடகடலிலிருந்து இத்தாலிவரை நீண்ட நடுப்பகுதி, ஆகன், ரோம் என்னும் இரு பெருநகரங்களுடன் லோத்தருக்கு. ரைன் நதிக்கு மேற்கே இருந்த மைன்ஸ், வோர்ம்ஸ், ஸ்பெயர் ஆகிய ஊர்களும் லூயியின் பங்கில் சேர்ந்தன. அங்கே திராட்சைத் தோட்டங்கள் மிகுதி என்பதே காரணம் எனப் பிற்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதினார். வாய்க்கால் யாருக்கு என்ற வழக்கும் இதுவும் அளவில் வேறே தவிர வகையில் வேறல்ல.

கணக்கின்படி பார்த்தால் வெர்டன் பங்கீட்டில் பெரிய குறை காண்பது கடினம். ஆயினும் அது நிலைத்ததா? 855-இல் லோத்தர் மரணத் தறுவாயில் துறவு பூண்டு ப்ரூம் மடத்தில் ஒதுங்கினார். அதற்குமுன் தம் நடுநாட்டைத் தம் மூன்று மக்களுக்கும் மூன்றாக்கினார். அம்மக்களில் ஒருவர் 869-இல் வாரிசின்றி இறந்ததும், மறு ஆண்டே சிற்றப்பன்மார் இருவரும் மெர்சன் என்னுமிடத்தில் கூடி அவர் நாட்டைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். பங்கைப் பங்கிட்டு, அப்பங்கையும் பங்கிட்டு, இறுதியில் பேரரசர் என்னும் பெயர்தான் எஞ்சியது.

'அப்படியானால் மூத்தவருக்கே முழுவதும் கொடுத்துவிடலாமே!' என்று சிலர் கூறலாம். பிற்கால ஐரோப்பிய உயர்குடிகள் பல அவ்வழியைத்தான் மேற்கொண்டன. நிலம் துண்டாகவில்லை, உண்மை. ஆனால் இளையவர்கள் மடங்களுக்கும் கூலிப்படைகளுக்கும் துரத்தப்பட்டனர். நிலத்தைக் காப்பாற்றப் பிள்ளைகளைத் துண்டாக்கிய வழி அது. இடைவழிகளும் அமைதி தரவில்லை. இங்கிலாந்தை வென்ற வில்லியம் 1087-இல் இறந்தபோது, மூத்தவர் ராபர்ட்டுக்கு நார்மண்டியும், அடுத்தவர் வில்லியமுக்கு இங்கிலாந்தும், கடைசி மகன் ஹென்றிக்கு நிலமின்றி வெள்ளிப் பணமும் கிடைத்தன. 1106-இல் ஹென்றி தம் மூத்த அண்ணனைப் போரில் சிறைப்பிடித்தார். ராபர்ட் 1134-இல் இறக்கும்வரை, இருபத்தெட்டு ஆண்டுகள், தம்பியின் சிறையிலேயே கிடந்தார்.

புனிதத்தின் காவலில் வைத்தால் தீருமா என்றால், அதற்கும் விடை கிடைத்துவிட்டது. ஹாரூன் ரஷீத் 809-இல் மறைந்தார். கஃபாவில் தொங்கிய பத்திரங்களை அமீன் வரவழைத்து அழித்துவிட்டார். சகோதரர் போர் மூண்டது. பக்தாத் முற்றுகைக்குள்ளாகிச் சீரழிந்தது. 813-இல் அமீன் கொல்லப்பட்டார். பத்திரம் தொங்கிய இடம் புனிதமானதுதான். ஆனால் பத்திரத்தைக் காக்கவேண்டியது இடமன்று, இதயம்.

சமபங்கு தோற்றது, மூத்தவர் உரிமை தோற்றது, சத்தியப் பத்திரமும் தோற்றது. இம்மூன்றுக்கும் அடியில் ஒரு பொதுக்குறை இருக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அக்குறையைக் காண, வாரிசுரிமை பற்றிய நம் ஷரீஅத் விதியின் வரிசையை நினைவுகூர்தல் தகும். ஒருவர் இறந்தால் முதலில் அடக்கச் செலவு; அடுத்து அவர் பட்ட கடன்; அதற்கடுத்து மூன்றிலொரு பாகத்திற்கு மேற்படாத வஸிய்யத்; இவையெல்லாம் தீர்ந்தபின் எஞ்சுவதில்தான் வாரிசுகளுக்குப் பங்கு. அதிலும் மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் பங்குண்டு. பங்கின் அளவைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்த வரிசையைப் பற்றிக் குறைவாகவே சிந்திக்கிறோம். கொடுக்கவேண்டியது முன்னே; பெறவேண்டியது பின்னே என்பதன்றோ அவ்வரிசை கற்பிக்கும் பாடம்!

பிராங்கிய சகோதரர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கினர். கண்ணிழந்து இறந்த பெர்னார்டுக்குப் பட்ட கடன் இருந்தது. கொடுத்த வாக்குகள் என்னும் கடன் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிலத்தை உழுது, அந்த அரசைத் தாங்கிய மக்களுக்குப் பட்ட கடன் இருந்தது. அந்த 120 பெரியோரில் உழவரின் சார்பில் வந்தவர் எவருமில்லை. ஆடுமாடுகளைப்போல ஊர்களும், ஊர்களோடு மனிதர்களும் எண்ணிக் கொடுக்கப்பட்டனர். கடனைத் தீர்க்காமல் பங்கு பிரித்தார்கள். ஆகவே பங்கோடு கடனும் பிரிந்து ஒவ்வொருவர் வீட்டுக்கும் சென்றது.

முஸ்லிம் மன்னர்களும் இதில் விலக்கல்லர். ஆனால் ஒரு வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும். ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி 1193-இல் திமிஷ்கில் மறைந்தபோது, அவருடைய சொந்தப் பொருளாக இருந்தவை ஒரு பொற்காசும் 47 திர்ஹம்களுமே என்று அவருடன் இருந்த இப்னு ஷத்தாத் எழுதியுள்ளார். வீடோ தோட்டமோ வயலோ அவருக்கென்று இல்லை. அந்தச் சொத்தைப் பற்றி எவரும் சண்டையிடவில்லை. திமிஷ்க் ஒரு மகனிடமும், மிஸ்ர் இன்னொரு மகனிடமும், ஹலப் வேறொரு மகனிடமும் இருந்த ஆட்சியைப் பற்றியே சண்டை நடந்தது. மூன்றே ஆண்டுகளில் மூத்த மகன் அஃப்ளல் தம் தம்பியாலும் சிற்றப்பனாராலும் திமிஷ்கை இழந்தார். ஸலாஹுத்தீன் தம்முடையது எது, தம்மிடம் ஒப்படைக்கப்பட்டது எது என்பதை வேறுபடுத்தி வாழ்ந்தார். அவர் மக்களோ ஒப்படைக்கப்பட்டதையும் தம்முடையதென்று கருதினர். ஆட்சி ஓர் அமானத். அமானத்தில் வாரிசுப் பங்கு ஏது? அந்த ஆட்சிப் பங்கீட்டில் மகள்களுக்கும் தாய்மார்க்கும் இடமிருக்கவில்லை என்பதே, அது ஷரீஅத்தின் வாரிசு விதியைத் தழுவியதன்று என்பதைக் காட்டப் போதுமானது.

வெர்டன் உடன்படிக்கை உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், தெற்கே யூசே என்னும் ஊரில் ஒரு தாய் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். துவோடா என்பது அவர் பெயர். செப்டிமேனியாவை ஆண்ட பெர்னார்டு என்னும் பிரபுவின் மனைவி. அந்தப் பிரபு பான்டனாய்ப் போரில் எப்பக்கமும் சேராமல் விலகி நின்று, வென்றவர் யாரென்று தெரிந்தபின், பதினைந்து வயதுகூட நிரம்பாத மூத்த மகன் வில்லியமைச் சார்லஸ் மன்னரிடம் பிணைபோல ஒப்படைத்தார். அவ்வாண்டு மார்ச்சில் பிறந்த இரண்டாவது ஆண்குழந்தையையும் பெயர் சூட்டுமுன்பே தாயிடமிருந்து அகற்றித் தம்மிடம் கொண்டுசென்றுவிட்டார். 841-ஆம் ஆண்டு நவம்பர் 30-இல் துவோடா தம் மூத்த மகனுக்காக ஓர் அறிவுரை நூலை எழுதத் தொடங்கி, 843 பிப்ரவரி 2-இல் முடித்தார். இறைவனிடம் எவ்வாறு நடப்பது, தந்தையிடமும் மன்னரிடமும் எவ்வாறு நடப்பது என்றெல்லாம் அதில் கற்பித்த தாய், ஒரு பொறுப்பையும் ஒப்படைத்தார். உன் தம்பி வளர்ந்து பேசவும் படிக்கவும் தொடங்கும்போது, இந்நூலை நீயே அவனுக்குக் காட்டி, அவனை அன்புடன் நடத்து என்பதே அதன் கருத்து. அந்தத் தம்பியின் பெயர் எழுதுகிற தாய்க்கே தெரியாது!

மூன்று மன்னர்கள் நாடுகளைப் பகிர்ந்துகொண்டிருந்தபோது, எதுவும் கையில் இல்லாத ஒரு தாய் தம் இரு பிள்ளைகளுக்கும் ஒரு நூலைப் பொதுவாக விட்டுச்செல்ல முயன்றார். அவர் முயற்சி வென்றதென்று கூற நமக்கு மனமிருந்தாலும் வரலாறு இடந்தரவில்லை. 844-இல் அவர் கணவர் துரோகக் குற்றத்திற்காகச் சார்லஸ் மன்னரால் கொல்லப்பட்டார். சில ஆண்டுகளில் வில்லியமும் கொல்லப்பட்டார். மன்னர் வீட்டுச் சகோதரச் சண்டை, அதில் ஒரு சாண் நிலமும் கேட்காத ஒரு தாயின் வீட்டையும் வெறுமையாக்கிச் சென்றது. கடன் தீராத பங்கீட்டின் விலையைக் கொடுப்பவர்கள் பங்காளிகள் மட்டுமல்லர் என்பதை இதற்குமேல் விளக்கவேண்டியதில்லை.

அந்தத் தாய் மூத்த மகனிடம் 'உனக்கு என்ன கிடைக்கும்' என்பதை முதலில் பேசவில்லை. 'நீ யாருக்கு என்ன செய்யவேண்டும்' என்பதையே பேசினார். மன்னர்கள் மறந்த வரிசை அவர் உள்ளத்தில் பிறழாமல் இருந்தது.

ஆகவே பங்கு சமமாக இருக்கவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. சமமற்ற பங்கு அநீதியின் தொடக்கம். ஆனால் சமமான பங்கு நீதியின் முடிவன்று. தந்தையின் சொத்தைப் பிரிக்க அமர்வோர் 'என் பங்கு எவ்வளவு' என்று கேட்குமுன், தந்தை யாருக்குக் கடன்பட்டிருந்தார், எந்த வாக்கைக் கொடுத்திருந்தார், இங்கே வந்து பேச இயலாத சிறுவர் யார், கேட்க நாணி வாயடைத்திருக்கும் சகோதரி யார், இந்த நிலத்தில் இதுவரை உழைத்தவர் யார் என்று கேட்டுவிடவேண்டும். இவற்றுக்கு விடை கண்டபின் அளவுச் சங்கிலியை எடுப்போமானால், அது நிலத்தை மட்டும் அளக்கும். நம்மிடையே உள்ள தூரத்தை அளக்காது.